அத்தையின் உடம்பில் ஒரு நீல நூல்

பங்குனியில் வலங்கைமான் பாடைக்காவடி முடிந்து ஒரு வாரம் இருக்கும். காலை ஏழு மணிக்கே அத்தை கும்பகோணத்துக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றார். ஒரு கையில் முருங்கைக்கீரைக் கட்டு. இன்னொரு கையில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. பைக்குள் ஸ்கேன் படங்கள், மாத்திரைச் சீட்டுகள், ரேஷன் அட்டை நகல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அப்பாவின் கடைசித் தங்கை அவர். என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். சிறுவயதில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு குடமுருட்டிக்குக் குளிக்கப் போனவர்.

காபி குடித்து முடிக்கும்வரை உளுந்து விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். என் கணவர் கடைத்தெருவுக்குக் கிளம்பிப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“அடியில முள்ளு குத்துற மாதிரி இருக்குடி. நாலு நாளா லேசா ரத்தம் வேற படுது. உளுந்து புடுங்கப் போனேன், அதுலேருந்துதான்.”

நான் அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் நர்ஸாக இருந்தவள். அதில் 21 ஆண்டுகள் ஆபரேஷன் தியேட்டரில். டாக்டருக்கு எதிரே நின்று ஊசியும் நூலும் எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. கர்ப்பப்பை இறக்கத்துக்கான ஆபரேஷன்கள் எத்தனைக்கு நின்றிருப்பேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஆனால் ஒன்பது வருடம் முன்பு அத்தைக்கே அந்த ஆபரேஷன் நடந்தபோது நான் வேறு மாவட்டத்தில் பணியில் இருந்தேன். அவர் மகன் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தான். “நல்லபடியா முடிஞ்சுது” என்று போனில் சொன்னான். நானும் சரி என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய் அந்த டாக்டரிடம் நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். அது இன்னும் மனதில் உறுத்துகிறது.

மஞ்சள் பையிலிருந்த டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்தேன். ஆபரேஷன் என்ற இடத்தில் ஒரே வரி: “வெஜைனல் ஹிஸ்டரெக்டமி வித் பெல்விக் ஃப்ளோர் ரிப்பேர்.” கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுத்து, இடுப்புத்தளத்தைச் சரிசெய்தார்கள் என்று பொருள். எப்படிச் சரிசெய்தார்கள் என்பது இல்லை. கர்ப்பப்பையை எடுத்தபின் பெண்ணுறுப்புக் குழாயின் மேல்முனையை எந்த நாரில் கட்டினார்கள்? என்ன நூலால் கட்டினார்கள்? முடிச்சு உள்ளே புதைந்திருக்கிறதா, குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்திருந்தால் அந்த “முள்” எது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பாதி சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்தில் இதை அடி இறக்கம் என்பார்கள். “சதை தள்ளுது” என்றும் சொல்வார்கள். எப்படிச் சொன்னாலும் ஆண்கள் காதில் விழாமல்தான் சொல்வார்கள். என் அம்மாவுக்கும் இருந்தது. ஆறு பிரசவம். முப்பது நாள் கழிந்ததும் நடவுக்கு இறங்கிவிடுவார். பழைய நூல்புடவையைக் கிழித்து நாலாக மடித்துக் கோவணம் போல இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வயலுக்குப் போவார். குளத்தில் மற்றவர்கள் கரையேறிய பிறகுதான் அந்தத் துணியை அலசுவார். எதற்கு என்று எனக்கு அப்போது தெரியாது. நர்ஸிங் இரண்டாம் வருடத்தில் முதல்முறையாக வார்டில் ஒரு பாட்டியைப் பரிசோதித்தபோது பக்கத்தில் நின்றிருந்தேன். அந்த மடித்த துணியைப் பார்த்ததும்தான் அம்மாவின் துணி ஞாபகம் வந்தது. அன்று இரவு விடுதியில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கீழ்வழிப் பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் சதை மெலிவது, ஓயாத இருமல், மலச்சிக்கல், பாரம் தூக்குவது எல்லாம் சேர்ந்துதான் இதைக் கொண்டுவருகிறது. இன்று டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் மெஷின் வந்துவிட்டது. ஆனால் குனிந்து நட்டு, கதிர்க்கட்டைத் தலையில் சுமந்து வரப்பில் ஓடிய தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள்தான் இப்போது ஓ.பி. வரிசையில் நிற்கிறார்கள்.

வார்டில் பெண்களுக்கு இதை விளக்கும்போது நான் உறியைச் சொல்வேன். கர்ப்பப்பையும் குழாயின் மேல்முனையும் உறியில் தொங்கும் பானை மாதிரி. பின்னால், முதுகுத்தண்டின் அடியிலுள்ள எலும்பிலிருந்து வரும் நார்கள்தான் உறிக்கயிறு. குழாயின் நடுப்பகுதி இரண்டு பக்கச் சுவரிலும் இழுத்துக் கட்டியிருக்கிறது. அடிப்பகுதியை மலவாய்க்கு முன்னாலுள்ள கெட்டியான சதைத்திட்டு தாங்குகிறது. மேலே, நடுவே, கீழே என்று மூன்று தளமாக இதைப் பிரித்துச் சொன்னவர் அமெரிக்காவின் டிலான்சி என்ற மருத்துவர். 1992-ல் வந்த அவருடைய ஆய்வு இன்றுவரை எல்லா மகப்பேறு டாக்டருக்கும் பாடம்.

உறிக்கயிறு நைந்தால் பானை இறங்கும். இதில் ஒரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இறக்கம் தீர்ந்துவிடாது. பானையைத்தான் எடுத்தோம், நைந்த கயிறு அப்படியேதான் இருக்கிறது. மிஞ்சியிருக்கும் குழாயின் முனையைத் திரும்ப எதிலாவது கட்டவில்லை என்றால் அடுத்து அதுவே உள்ளிருந்து வெளியே புரண்டு வரும். முன்சுவர் தொங்குகிறதே என்று அதை மட்டும் மடித்துத் தைத்துவிட்டு மேல்முனையை விட்டுவிட்ட கேஸ்கள் இரண்டு வருடத்தில் திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். நடுக்கால் சாய்ந்த பந்தலில் கீற்றை மட்டும் இழுத்துக் கட்டினால் எத்தனை நாள் நிற்கும்?

மேல்முனையைக் கீழ்வழியாகக் கட்டுவதற்கு இரண்டு இடங்கள் பெரும்பாலும் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, அந்தப் பழைய உறிக்கயிறுகளையே மேலே, அவை கெட்டியாக இருக்கும் இடத்தில் தேடிப் பிடித்து இரண்டு பக்கமும் தைப்பது. யூட்டரோசேக்ரல் முறை என்பார்கள். இன்னொன்று, கயிற்றை விட்டுவிட்டு இடுப்பெலும்புக் கூட்டின் உட்புறம் இருக்கும் சேக்ரோஸ்பைனஸ் என்ற கெட்டி நாரில் கட்டுவது. இதைப் பெரும்பாலும் வலது பக்கம் மட்டும் செய்வார்கள்.

தியேட்டரில் இந்த இரண்டுக்கும் கை தயாராவதே வேறு மாதிரி. சேக்ரோஸ்பைனஸ் என்றால் ஆழக்குழியில் வேலை. சதையை விலக்கிப் பிடிக்கும் நீளமான ரிட்ராக்டர் மூன்று வேண்டும். ஒரு அசிஸ்டன்ட் மலக்குடலை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவிப் பார்த்துத்தான் போக வேண்டும். இடுப்பில் இரண்டு பக்கமும் முள் மாதிரி ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முள்ளிலிருந்து நடுப்பக்கமாக இரண்டு விரற்கடை தள்ளித்தான் ஊசி போட வேண்டும். முள்ளை ஒட்டிப் போட்டால் அங்கே ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் சிக்கிக்கொள்ளும். டெஷாம்ப்ஸ் என்று வளைந்த மூக்குள்ள ஒரு கருவி, அதன் நுனிக் காதில் நூலைக் கோத்து நான் கொடுப்பேன். நாரில் நூல் ஏறியதும் ஆபரேஷன் செய்யும் டாக்டர் மேடம் அதை மெல்ல இழுத்துப் பார்ப்பார். மேசையில் படுத்திருக்கும் நோயாளியின் உடம்பே அந்த இழுப்புக்கு லேசாக அசைந்து கொடுத்தால், சரியான நாரில்தான் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு நூலில் ஒரு முழு உடம்பு.

யூட்டரோசேக்ரலில் பயம் வேறு. சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்க் குழாய் அந்தக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே போகிறது. தையலை இழுத்து முடிச்சிட்டதும் அந்தக் குழாய் மடங்கி அடைத்துக்கொள்ளலாம். அதனால் முடிச்சு போட்டபின் சிறுநீர்ப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள். வலது வாயிலிருந்து ஒரு பீச்சல், இடது வாயிலிருந்து ஒரு பீச்சல் வர வேண்டும். ஒரு பக்கம் வந்து இன்னொரு பக்கம் வராமல் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நிமிடங்கள் உண்டு. வரவில்லை என்றால் அந்தப் பக்கத் தையலை அப்போதே வெட்டிவிட வேண்டும். அப்போதே கண்டுபிடித்தால் பெரிய பாதகம் இல்லை. நாலு நாள் கழித்துத் தெரிந்தால்தான் கஷ்டம்.

எது நல்லது என்று ஒவ்வொரு யூனிட்டிலும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். அவரவர் கற்றுக்கொண்ட ஆசிரியரின் வழிதான் அவரவருக்கு நல்ல வழி. இந்த இரண்டையும் நேருக்குநேர் வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்தது. பெயர் ஆப்டிமல். 374 பெண்கள். யாருக்கு எந்த முறை என்பதைச் சீட்டுப் போடுவது போலப் பிரித்துக் கொடுத்துச் செய்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. இரண்டு வருடத்தில் இரண்டு முறையிலும் வெற்றி சுமார் 60 சதவீதம், ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை. ஆனால் சிறுநீர்க் குழாய் அடைப்பு யூட்டரோசேக்ரலில் நூற்றுக்கு மூன்று பேருக்கு வந்தது, மற்றதில் யாருக்கும் இல்லை. நரம்பு வலி சேக்ரோஸ்பைனஸில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு, மற்றதில் ஏழு பேருக்கு.

அதே பெண்களை ஐந்து வருடம் வரை தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியிட்டார்கள். தோல்வி என்று கணக்கெடுத்தது யூட்டரோசேக்ரலில் 61.5 சதவீதம், சேக்ரோஸ்பைனஸில் 70.3. முதலில் இந்த எண்ணைப் படித்தபோது இத்தனை வருடம் நாங்கள் செய்தது வீணா என்று எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகு நிதானமாகப் படித்தேன். அவர்கள் வைத்த அளவுகோல் கறாரானது. மேல்முனை குழாயின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கினாலோ, சுவர் வாசல் விளிம்பைத் தாண்டினாலோ தோல்வி, இறங்காமல் “ஏதோ தட்டுப்படுகிறது” என்று பெண் சொன்னாலும் தோல்வி. திரும்பச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் பத்துக்கு ஒருவர் அளவில்தான். ஆபரேஷனுக்கு முன்பு இருந்த அவதியோடு ஒப்பிட்டால் ஐந்தாம் வருடத்திலும் பெண்கள் நன்றாகவே இருந்தார்கள்.

இதிலிருந்து எனக்கு விளங்கியது இதுதான். தாங்கும் பலத்தில் இரண்டும் ஒன்று. அந்தப் பெண்ணிடம் அவை கேட்கும் விலைதான் வேறு. ஒன்று சிறுநீர்க் குழாயில் கேட்கிறது, மற்றது பிட்டத்து நரம்பில் கேட்கிறது. எந்த விலையைக் கொடுத்திருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

அத்தையிடம் ஒரு கேள்வி கேட்டேன். “ஆபரேஷன் ஆனப்போ பிட்டத்துல வலி இருந்துச்சா அத்தை?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “உனக்கு எப்படித் தெரியும்? வலப்பக்கம். உட்கார முடியாது. ஒன்றரை மாசம் ஒருக்களிச்சேதான் சாப்பிட்டேன். ஊசி போட்ட இடம் பழுத்துடுச்சுன்னு நினைச்சேன். நர்ஸுகிட்ட சொன்னா, எல்லாருக்கும் இருக்கும், போயிடும்னா.”

அந்த நர்ஸ் சொன்னதும் பொய்யில்லை. பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். ஆனால் ஏன் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தனக்குத் தவறான ஊசி போட்டுவிட்டார்கள் என்று ஒன்பது வருடம் அத்தை நினைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

அடுத்த நாளே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். ஒரு காலத்தில் நான் நூல் எடுத்துக் கொடுத்த மேடம்தான் பார்த்தார். இப்போது தனியாக கிளினிக் வைத்திருக்கிறார். கூச்சத்தில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தார். மேடம் உள்ளே விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் வைத்துப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், இங்க வந்து பாருங்க” என்றார்.

குழாயின் மேல்முனை நடுவில் இல்லாமல் வலப்பக்கமாகப் பின்னோக்கி இழுபட்டிருந்தது. சேக்ரோஸ்பைனஸ், வலது. டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாததை உடம்பு எழுதி வைத்திருந்தது. அந்த முனையில் ஒரு சிவந்த சதைமொட்டு. தொட்டால் கசிந்தது. அதன் நடுவிலிருந்து ஒரு நூல்நுனி, அரை சென்டிமீட்டர் நீளத்தில், நீலமாக.

புரோலின். இருபது வருடம் என் கையில் புழங்கிய நூல். பார்த்த கணமே தெரிந்துவிட்டது.

நூலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தியேட்டருக்கு வந்த புதிதில் கேட்கட்தான். ஆடு, மாட்டுக் குடலின் ஒரு படலத்திலிருந்து செய்வது. ஸ்பிரிட் வாடையோடு பொட்டலத்தில் ஈரமாக வரும். பிரித்ததும் விறைப்பாக இருக்கும், சலைனில் ஒரு முறை நனைத்துத்தான் டாக்டர் கையில் கொடுப்போம். சீக்கிரம் கரையாமல் இருக்கப் பதப்படுத்திய குரோமிக் கேட்கட்டே இரண்டு, மூன்று வாரத்தில் பலமிழந்துவிடும். மேல்தோலை மூடுவதற்குச் சரி. பாரம் தாங்கும் நாரைக் கட்ட அதை நம்ப முடியாது.

பிறகு விக்ரில் வந்தது. ஊதா நிறம், பின்னிய நூல், கைக்குப் பணிவாக இருக்கும், முடிச்சு நழுவாது. போட்ட இரண்டாம் வாரத்தில் முக்கால் பங்கு பலம் இருக்கும். மூன்றாம் வாரம் பாதி. நாலாம் வாரம் கால் பங்கு. இரண்டு, இரண்டரை மாதத்தில் கரைந்தே போகும். பிடிஎஸ் என்பது ஒற்றை இழை. ஆறாம் வாரத்திலும் பாதிக்குமேல் பலம் இருக்கும். முழுக்கக் கரைய ஆறேழு மாதம் ஆகும். எத்திபாண்ட், புரோலின் இரண்டும் கரைவதே இல்லை. எத்திபாண்ட் பச்சை, பின்னியது. புரோலின் நீலம், ஒற்றை இழை, வழுவழுவென்று மீன் மாதிரி நழுவும். அதனால் விக்ரிலுக்கு மூன்று, நாலு சுற்று முடிச்சு போட்டால் புரோலினுக்கு ஐந்தாறு போட வேண்டும். வெட்டும்போது நுனியையும் கொஞ்சம் நீளமாக விட வேண்டும். அந்த நுனி விறைப்பாக நிற்கும். அதுதான் குத்தும்.

நைந்து போன சதையைக் கட்டுகிறோமே, கரையாத நூலால் கட்டினால்தானே நிற்கும் என்று தோன்றுவது இயல்பு. நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பினேன். ஆனால் கடைசிவரை தாங்கப் போவது நூல் இல்லை. நூல் இரண்டு திசுக்களையும் ஒட்ட வைத்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது அவற்றுக்கு நடுவே வளரும் தழும்புதான் தாங்குகிறது. அந்தத் தழும்பு இறுகுவதற்குச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதனால்தான் ஒரு மாதத்தில் விட்டுவிடும் விக்ரில் இந்த இடத்துக்குப் போதாது என்றும், மெதுவாகக் கரையும் பிடிஎஸ் போதும் என்றும் பல டாக்டர்கள் சொல்கிறார்கள். கரையாத நூல்தான் நீண்டநாள் பிடிக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒப்பீடுகளில் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. நூல் வெளியே எட்டிப் பார்ப்பதும் சதைமொட்டு கட்டுவதும் கரையாத நூலில்தான் அதிகம்.

கரையாத நூலே கூடாது என்று சொல்ல மாட்டேன். அதைப் போடும் விதம் இருக்கிறது. குழாயின் உள்தோலைத் துளைக்காமல், அதற்குப் பின்னாலுள்ள சதையை மட்டும் பிடித்து, இழுத்து, முடிச்சைத் தோலுக்கு அடியில் புதைத்துவிட வேண்டும். கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓடுவது போல நாரில் ஓடி முனையை மேலே இழுத்துக்கொண்டு போகும் தையல் அது. கரையும் நூல் என்றால் தோலோடு சேர்த்துத் துளைக்கலாம், நுனி வெளியே இருந்தாலும் சில மாதத்தில் போய்விடும். எங்கள் பழைய சீஃப் இதில் ரொம்பக் கண்டிப்பு. நான் ஊசியை நீட்டும்போதே “என்ன நூல்?” என்று கேட்பார். பதில் சொன்ன பிறகுதான் கை நீட்டுவார். நூலின் பெயரைக் கேட்காமல் அவர் ஒரு தையல்கூடப் போட்டதில்லை.

அவர் கற்றுக்கொடுத்த இன்னொன்று, முடிச்சின் இறுக்கம். புதிதாக வரும் பிஜி (மேற்படிப்பு) டாக்டர்கள் பலம் கொண்ட மட்டும் இழுப்பார்கள். “சேர்த்து வைம்மா, நெரிக்காதே” என்பார். நெரித்தால் ரத்தம் ஓடாமல் நூலுக்குள் இருக்கும் சதை செத்துவிடும். செத்த சதையில் நூல் தொளதொளத்துத் தானாகவே அறுத்துக்கொண்டு வந்துவிடும். ரொம்ப விட்டுப் பிடித்தாலும் ஆகாது. நாருக்கும் குழாய் முனைக்கும் நடுவில் இடைவெளி விழுந்து நூல் மட்டும் பாலம் போல நிற்கும். அங்கே தழும்பு கட்டாது. அந்த இடைவெளி இல்லை என்பதை அவர் விரலை விட்டுத் தடவி உறுதிசெய்துகொண்ட பிறகுதான் அடுத்த முடிச்சு.

முன்சுவர் மடிப்புக்கு 2-0 (டூ-சீரோ) அளவு விக்ரில், தனித்தனித் தையலாக. தோல் மூடத் தொடர்தையல். தொடர்தையலில் நேரம் மிச்சம், ஆனால் இறுக்கினால் குழாயின் நீளம் சுருங்கிவிடும். குடும்பத்தோடு வாழும் பெண்ணுக்கு அது பின்னால் வலியாக வந்து நிற்கும். இதைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாததால் இல்லை என்று ஆகிவிடாது.

வலைத்துணி வைத்துத் தைப்பது பற்றியும் கேட்பீர்கள். கீழ்வழியாக வைக்கும் வலை கொஞ்ச காலம் பெரிய பேச்சாக இருந்தது. தோலை அரித்துக்கொண்டு வெளியே வருவது, தீராத வலி என்று புகார்கள் குவிந்து, 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. வயிற்றுவழியாக வைக்கும் வலை வேறு கணக்கு, அது இன்றும் நடக்கிறது.

பிள்ளை பெற வேண்டிய வயதில் இறக்கம் வரும் பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுக்காமலே மேலே தூக்கிக் கட்டும் முறைகளை நம் நாட்டு டாக்டர்கள்தான் நிறைய வகுத்தார்கள். மும்பையின் ஷிரோத்கர் பெயரை, கர்ப்பவாய்க்குப் போடும் தையலுக்காக எல்லா லேபர் வார்டு நர்ஸுக்கும் தெரியும். அதே ஷிரோத்கர் இறங்கிய கர்ப்பப்பையைப் பட்டி போட்டுத் தூக்கும் ஆபரேஷனையும் கொடுத்திருக்கிறார். புரந்தரே பெயரிலும் ஒன்று உண்டு. நான் இருந்த தியேட்டரில் இவை அபூர்வம்தான், மொத்தமே பத்துக்குள்.

சரி, அத்தைக்கு வருகிறேன். மேடம் அந்த நீல நுனியை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்து இழுத்து, எட்டும் ஆழத்தில் நூலை வெட்டி எடுத்தார். மரத்துப்போக வைக்கும் ஜெல்லோடு சரி, மயக்கம் எதுவும் இல்லை. சதைமொட்டில் சில்வர் நைட்ரேட் குச்சியை வைத்துக் கருக்கினார். எல்லாம் பத்து நிமிடம். ஒன்பது வருடம் ஆகிவிட்டதால் தழும்புதான் இப்போது தாங்குகிறது, நூல் போனதால் முனை இறங்கிவிடாது என்று அத்தைக்குப் புரியும்படி சொன்னார். வெட்டிய துண்டைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். அத்தை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுவா இத்தனை நாளா என்னைக் குத்துனுச்சு?”

அப்புறம் முக்க வைத்து அளந்தார். 1996-ல் வந்த ஓர் அளவுமுறை உலகம் முழுக்க வழக்கத்தில் இருக்கிறது. குழாயின் வாசல் விளிம்பைச் சுழியமாக வைத்து, மேலே எத்தனை சென்டிமீட்டர், கீழே எத்தனை என்று எழுதுவது. மேல்முனை நன்றாக மேலேயே நின்றது. முன்சுவர் மட்டும் விளிம்புவரை இறங்கியிருந்தது. இரண்டாம் நிலை. சேக்ரோஸ்பைனஸில் முனையைப் பின்னோக்கி இழுப்பதால் முன்சுவர்தான் வயிற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. திரும்ப இறங்கினால் அந்த இடத்தில்தான் முதலில் இறங்கும். அத்தைக்குச் சிறுநீர் முழுசாகப் போகாத மாதிரி இருந்ததற்கும் அதுதான் காரணம்.

மறுபடி ஆபரேஷன் வேண்டுமா என்று மேடம் அத்தையிடமே கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அத்தை வேண்டாம் என்றார். இறக்கத்தைத் தாங்க உள்ளே வைக்கும் வளையமான ரிங் வைத்துப் பார்க்கலாம் என்றார் மேடம். மாதவிடாய் நின்றபின் மெலிந்த தோலுக்கு ஈஸ்ட்ரோஜன் கிரீம் எழுதினார். ரிங்கை எப்படிக் கழுவுவது, எத்தனை நாளுக்கு ஒருமுறை காட்டுவது என்று நான் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னேன். இடுப்புத்தளச் சதையை இறுக்கி விடும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தார். உளுந்து பிடுங்கப் போகக்கூடாது என்றதற்கு மட்டும் அத்தை வாயே திறக்கவில்லை. போவார் என்று எனக்குத் தெரியும்.

முதல் ஆபரேஷன் செய்த டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாரைச் சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார், ஒன்பது வருடமாக முனை இறங்கவில்லை. அது சின்ன வேலையில்லை. அவர் செய்ததை எழுதாமல் விட்டதில்தான் எனக்கு வருத்தம். “வலது சேக்ரோஸ்பைனஸ், புரோலின் இரண்டு தையல்.” இவ்வளவுதான். இது இருந்திருந்தால் இரண்டு வருடத்துக்கு முன்பு இதே குத்தல் என்று அத்தை போய்க் காட்டிய இடத்தில், வெறும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்க மாட்டார்கள். ஆபரேஷனுக்குப் போகும் பெண்களும் கூடப் போகும் மகள்களும் தயவுசெய்து கேளுங்கள். எங்கே கட்டினீர்கள், என்ன நூல், கரையுமா கரையாதா. கேட்டதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எந்த நல்ல டாக்டரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மேடம் புதுச் சீட்டில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். கும்பகோணம் திரும்பும் பஸ்ஸில் பாபநாசம் தாண்டும்போது அத்தை அதை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதைத் தமிழ்ல எழுதிக் குடு. பேத்திக்குப் படிக்கத் தெரியணும்.”

வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். எந்த வருடம் ஆபரேஷன், வலப்பக்கம் உள்நாரில் கட்டியது, நீல நிறக் கரையாத நூல், எட்டிய நூலை எந்தத் தேதியில் எடுத்தது, உள்ளே இன்னொன்று இருக்கலாம், ரத்தம் பட்டால் உடனே காட்டவும். அத்தை என்னைப் படிக்கச் சொல்லி ஒரு முறை கேட்டார். “உள்நார்” என்ற இடத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம் என்று தன் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு தாளை நாலாக மடித்து ரேஷன் அட்டை நகலோடு வைத்து ரப்பர் பேண்ட் போட்டார்.